சாணிக்கும் யூரியாவுக்கும் நடந்த போட்டி

பண்டமாரான்,
14.8.1994

அன்பிற்குரிய மச்சான் ரெங்கசாமிக்கு, உன் அக்கா புருஷன் பக்கிரிசாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா தங்கமணியும் ஏழு மாடுகளும் சௌக்கியம். தோட்டத்து உர ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் உன் சௌக்கியத்துக்கும் மாரியம்மனை வேண்டுகிறேன்.

மச்சான், உட்கார்ந்து படி. சாணி ஜெயிச்சிருச்சு! போன தீபாவளிக்கு வந்து, "சாணியெல்லாம் அந்தக் காலம் லா, யூரியாதான் சயின்ஸ்"னு என் மாடுங்க முன்னாலேயே சொன்னியே, அதே சயின்ஸ் இப்ப உன்னைக் கைவிட்டிருச்சு. யுனிவர்சிட்டியிலேருந்து மீனலோசனின்னு ஒரு பொண்ணு, டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது, ஆறு மாசமா என் புல்லுக்காட்டுல மூணு பாத்தி பிரிச்சு வச்சு, ஒண்ணுல யூரியா, ஒண்ணுல என் மாட்டுச் சாணி, மூணாவது வெறும் புல்லுன்னு விட்டு, மேல தகரப் பெட்டியைக் கவுத்து, ஊசியால உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுக்குது. "உரம் போட்டா மண்ணுலேருந்து சிரிப்பு வாயு வரும் அங்கிள். அது மேலே போய்ப் போர்வை மாதிரி பூமியைச் சூடாக்கும்"னுச்சு. சிரிப்பு வாயுன்னதும் உன் அக்கா பெட்டிகிட்ட அரைமணி நேரம் குந்தியிருந்து, "ஒரு சிரிப்பும் வரலையே"ன்னு கோவிச்சுக்கிட்டு எழுந்துச்சு. ஒரு கன்னுக்குட்டி பெட்டியை மிதிச்சு நசுக்க, நான் அந்தத் தகரத்தைக் கிள்ளான் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போய்த் தட்டி வாங்கினேன். ஈரத்துலதான் வாயு கூடுதலா வருமாம்; கொட்டுற மழையில நான் குடை பிடிக்க அந்தப் பொண்ணு ஊசி குத்துச்சு.

நேத்து ரிசல்ட்டு! யூரியா பாத்தி வாயுவைக் கக்கியிருக்கு. சாணிப் பாத்தி? வெறும் புல்லு அளவுதான்! "இப்படி எங்கேயும் வந்ததில்ல அங்கிள், என் புரொபசரே நம்பமாட்டாரு"ன்னு அந்தப் பொண்ணு குதிக்குது. முட்டிவலியை மறந்து நானும் குதிச்சேன். ஞாயித்துக்கிழமை புரொபசரே வர்றாரு. நீயும் வந்து என் மாடுங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போ.

உன் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளர எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வெற்றியுடன்,
பக்கிரிசாமி

பி.கு.: கடிதத்தை உன் அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. "நல்ல சாணியைப் புல்லுல கொட்டி வீணாக்குதேன்னு, அந்தப் பொண்ணு போனதும் வழிச்சு அவரைக்கொடிக்குப் போட்டுட்டேன்"னு சொல்லுது. எத்தனை தடவைன்னு கேட்டேன். "எல்லாத் தடவையும்." மீனலோசனிக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிட்டேன். புரொபசரை வரவேணாம்னு சொல்லிடறேன்னுச்சு. அப்புறம், "முதல்லேருந்து செய்வோம் அங்கிள்"னுச்சு. ஞாயித்துக்கிழமை வராதே. நாளைக்குச் சாணிப் பாத்தியைச் சுத்தி வேலி போடறோம். மாட்டுக்கு இல்ல மச்சான், உன் அக்காவுக்கு.