ஏப்ரலில் மாலை, ஜூனில் வேலை

சட்டம் பிறந்த அன்றே அதில் சந்து தேடிப் புறப்படும் ஒரு ஜாதி மனிதர்கள் நம்மிடையே உண்டு. பஞ்சாங்கமும் புரோகிதரும் சொல்லும் ஜாதிகளைப் போல் இது கற்பனை அல்ல. நிஜமாகவே உள்ள ஜாதி. பிறப்பால் வருவதில்லை, நாற்காலியால் வருகிறது. எவரையாவது ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அவர் கையால் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரே மாதத்தில் அவருக்கு இந்த ஜாதியின் சகல லட்சணங்களும் முளைத்துவிடும்.

மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். ஸ்ரீமான் சுப்பராமன். மயிலாப்பூரில் சர்க்காரின் கிராண்டுப் பணம் வாங்கி நடக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் மானேஜர். அறுபத்துமூவர் உற்சவத்தில் நீர்மோர்ப் பந்தல் போடுவார், லஸ் முனையில் நின்று தேசத்தைப் பற்றிக் கவலைப்படுவார், கல்வியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சம்பளத் தேதியில் மட்டும் அந்தக் கண் வறண்டிருக்கும்.

அவருடைய பள்ளிக்கூடத்தில் ஒரு சடங்கு உண்டு. ஏப்ரல் மாதம் பரீட்சை முடிந்ததும் எல்லா வாத்தியார்களுக்கும் பிரிவுபசாரம் நடக்கும். அதாவது, வேலை போய்விடும். வெயில் காலத்தில் சும்மா இருக்கிறவர்களுக்குச் சம்பளம் எதற்கு? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அதே வாத்தியார்கள் அதே வேட்டியோடு வந்து, புதிதாக விண்ணப்பம் போட்டு, புதிதாக வேலையில் சேர்வார்கள். வேலையைவிட்டு நிறுத்துவதற்கும் சுப்பராமன் நல்ல நேரம் பார்ப்பார். ராகு காலத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் குடும்பத்துக்கு ஆகாதாம். என்ன கருணை, பாருங்கள்.

விழாவுக்கு வாங்குவது ஒரே மாலை. தலைமை வாத்தியார் கழுத்தில் போட்டு, கழற்றி, அடுத்தவர் கழுத்தில் போட்டு, இப்படியே கடைசியில் டிரில் மாஸ்டர் தங்கவேலுவின் கழுத்துக்கு வரும்போது அதில் நார் மட்டும் இருக்கும். மாலைக்குப் பிறகு தமிழ்ப் பண்டிதர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டுப் படிப்பார். பண்டிதருக்கும் அன்றுதான் வேலை போகிறது என்பதால் பாட்டில் சோகம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். வருஷா வருஷம் புதுப் பாட்டுக் கட்ட அவருக்கென்ன பைத்தியமா? அதே பாட்டுத்தான். பதிலுக்கு வாத்தியார்கள் இரண்டு வார்த்தை பேசி அழவேண்டும். நன்றாக அழுதவருக்கு ஜூனில் முதலில் வேலை கிடைக்கும்.

கணக்கு வாத்தியார் வலியுல்லா இப்படிப் பத்தொன்பது தடவை வேலையை இழந்தவர். திருவல்லிக்கேணியிலிருந்து நடந்தே வருவார். கண்ணில் புரை விழுந்து, கரும்பலகையில் தாம் எழுதியது எட்டா மூன்றா என்று பையன்களையே கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார். இன்னும் இரண்டு மூன்று வருஷம் தள்ளலாம். அப்புறம்?

அந்தச் சமயத்தில்தான் புது விதி வந்தது. வாத்தியார் சம்பளத்தில் ஒரு பங்கு பிடித்து, மானேஜர் ஒரு பங்கு போட்டு, சர்க்காரும் ஒரு பங்கு சேர்த்து, ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கையில் கொடுப்பது. பண்டு என்று எல்லோரும் அதற்குப் பேர் வைத்தார்கள். நிரந்தர வாத்தியாராக இருந்தால் சேரலாம்.

விதி வந்த வாரமே சுப்பராமன் தம் வீட்டுக் கூடத்தில் மற்ற மானேஜர்களைக் கூட்டி, "புது விதியும் நிர்வாகிகள் அறியவேண்டியவையும்" என்று ஒரு பிரசங்கம் செய்தார். அடையாறிலிருந்தும் தியாகராயநகரிலிருந்தும் வந்திருந்தார்கள். விதியை அவர் தலைகீழாகப் பாடம் செய்திருந்தார், அதைச் செய்யாமலிருப்பதற்காக. அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருத்தருக்காவது பென்ஷன் உண்டா என்று அவர் கேட்டபோது கூடமே தலையாட்டியது. நாயன்மார்களை வருஷா வருஷம் தெருவில் தூக்கிக்கொண்டு போக ஆள் இருக்கிறது, வாத்தியாரைக் கடைசியில் ஒரே ஒரு முறைதான் தூக்குவார்கள் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஒருவருமில்லை. காப்பி நன்றாக இருந்ததாகக் கேள்வி.

வலியுல்லா மெள்ளப் போய், பண்டில் தம் பேரையும் எழுதவேண்டும் என்று கேட்டார்.

"ஓய், உமக்கு சர்வீஸ் எவ்வளவு?" என்றார் சுப்பராமன்.

"பத்தொம்பது வருசம், சார்."

"போன ஜூன்லன்னா சேர்ந்திருக்கீர். பத்து மாசக் கொழந்தைக்குப் பென்ஷன் கேக்கறீரே, நியாயமா?"

நரைத்த தாடியோடு அந்தக் குழந்தை திரும்பி வந்தது.

சுப்பராமன் இத்தோடு நின்றிருந்தால் அவர் காரியம் முடிந்திருக்கும். ஆனால் இந்த ஜாதிக்கு ஒரு பலவீனம் உண்டு: தப்பிப்பது போதாது, தப்பித்ததை நாலு பேர் பார்க்க வேண்டும். ஆகவே அந்த ஏப்ரலில் பிரிவுபசாரத்துக்கு சர்க்காரின் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரையே தலைமை வகிக்க அழைத்தார். வாத்தியார்கள் நிஜமாகவே விலகுகிறார்கள், இங்கே நிரந்தரமானவர் எவருமில்லை என்பதற்கு சர்க்காரே சாட்சியாகிவிடும் அல்லவா?

விழாவன்று காலையில் தங்கவேலு வலியுல்லாவின் காதைக் கடித்தார்.

"இன்னா சாயபு, இந்த வருசமும் அழுவணுமா?"

"அழுவாங்காட்டி ஜூன்ல வேலை கீதா, நைனா?"

"கண்ணு வேற அப்படிக் கீது. சும்மா நில்லு, தானா ஊத்தும்."

இன்ஸ்பெக்டர் தலைப்பாகையோடு வந்து உட்கார்ந்தார். வலியுல்லா கழுத்தில் மாலை விழுந்தது. இந்த வருஷமே நம்மிடம் வந்து, இந்த வருஷமே நம்மைப் பிரிகிறார் என்று சுப்பராமன் உருகினார். பண்டிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கணக்கென்னும்" என்றார்.

அவ்வளவுதான். பள்ளிக்கூடம் முழுவதும் தபதபவென்று எழுந்து நின்றது. சிறுசு முதல் பெரிசு வரை ஒரே குரலில் பாடியது:

கணக்கென்னும் கடல்கடக்கும் தோணியே, எங்கள்
வணக்கத்துக் குரிய வலியுல்லா வள்ளலே,
எங்களைப் பிரிந்துநீர் ஏகுவ தெங்கே?
மங்கிய விளக்காகி வருந்துகின் றோமே.

"ஏகுவ தெங்கே" என்ற இடத்தில் அத்தனை பிள்ளைகளும் இடது கண்ணைத் துடைத்தார்கள். "வருந்துகின் றோமே" என்ற இடத்தில் வலது கண்ணை. தங்கவேலு பழக்கிய டிரில்லில் ஒரு கை கூடப் பிசகவில்லை. பண்டிதர் இரண்டாவது அடியிலேயே வாயை மூடிக்கொண்டு, தம் கவிதை இத்தனை பிரபலம் என்பதை ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஐந்தாம் வகுப்பைப் பார்த்து, இந்தப் பாட்டை எப்போது கற்றீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணாங் கிளாஸ்ல, சார்" என்றது வகுப்பு.

"உங்கள் கணக்கு வாத்தியார் எப்போது வேலைக்கு வந்தார்?"

"ஜூன்ல, சார்."

"எந்த ஜூனில்?"

"எல்லா ஜூன்லயும், சார்."

சுப்பராமன் எழுந்து, குழந்தைகள் அறியாமையால் பேசுவதாக ஏதோ சொல்லப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நிதானமானவர். "மிஸ்டர் சுப்பராமன், வருஷம் தவறாமல் திரும்பி வருகிறவருக்குத்தான் ஊரில் நிரந்தரமானவர் என்று பேர். இவர் பேரை எழுதி அனுப்பும். இல்லாவிட்டால் கிராண்டையும் ஜூனில் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்" என்றார்.

வலியுல்லாவின் பேர் பண்டில் ஏறியது. ஆனால் பங்கு அந்த வருஷம் முதல்தான். போன பத்தொன்பது வருஷங்களுக்கு மாலையோடு சரி. அந்த மாலையும் அவரோடு வீட்டுக்குப் போனதில்லை. ஜூனில் அவர் விண்ணப்பம் இல்லாமல் வகுப்புக்குள் நுழையப் போனபோது, பழக்கம் போகாமல் வாசலில் சிறிது நேரம் நின்றுகொண்டிருந்தாராம், யாராவது உள்ளே கூப்பிடட்டும் என்று.

சுப்பராமனைப் பற்றிக் கவலை வேண்டாம். அடுத்த மாதமே தியாகராயநகரில் ஒரு கூட்டத்தில், ஏழை வாத்தியார்களுக்குப் பண்டு வேண்டுமென்று தாம் பட்ட பாட்டை விவரித்துக் கண்ணீர் விட்டார். சபை கைதட்டியது.

இந்தக் கதையைக் கேட்டு நீங்களும் கைதட்டுவீர்கள். இந்த மாதிரி மனிதரைக் கண்டால் உங்களுக்கு ஆகாது; உங்களிடம் பள்ளிக்கூடமும் இல்லை, கிராண்டும் இல்லை. நல்லது. பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறாளே செண்பகம், அவளிடம், "நீ எங்க வீட்டு மனுஷி மாதிரி" என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? அதற்கு அரை நிமிஷம் முன்னால் அவள் உங்களிடம் என்ன கேட்டாள்?