இன்னுமொரு கோட் அடிக்கும் மனிதர்

வாசகரே, ‘முடிந்தது’ என்ற சொல் வாயில் வராத ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. வெளித்தோற்றத்தை வைத்து இவர்களை இனங்காண முடியாது. நம்மைப் போலவே வேலைக்குப் போவார்கள், பஸ்ஸில் மிச்சக் காசு கேட்டுச் சண்டை பிடிப்பார்கள், மழைக்குக் குடையை மறந்துவிட்டு வருவார்கள். ஆனால் கையில் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். நன்றாகவே செய்வார்கள். செய்து முடித்து, இரண்டடி பின்னால் போய், தலையை ஒரு பக்கம் சாய்த்து, “இன்னம் ஒரு கோட் அடிச்சா...” என்று இழுப்பார்கள். அங்கே பிடியுங்கள் ஆளை!

இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த பிரதிநிதி ஒருவர் குண்டசாலையில் என் அடுத்த வீட்டில் இருக்கிறார். பெயர் ரஸீன். பகலில் கண்டி டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை. மாலையில் லொறி, பஸ், விமானம் என்று சின்னஞ்சிறு மாதிரிகள் செய்வது. வெட்டுவதும் ஒட்டுவதும் நிறமடிப்பதும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நிறத்துக்கு மேலே ‘கோட்’ ‘கோட்’டாக அடிக்கும் நிறமில்லாத பூச்சு ஒன்று இருக்கிறதே, அதில்தான் சனியன் உட்கார்ந்திருக்கிறது. அது இரண்டு வகை. கிளொஸ் அடித்தால் பளபளக்கும். மெட் அடித்தால் அந்தப் பளபளப்பு அடங்கும். முதலில் கிளொஸ் அடித்து, அதன்மேல் எழுத்து ஸ்டிக்கர்களை ஒட்டி, கடைசியாக மெட் அடித்தால் வேலை முடிந்தது. உங்களுக்கும் எனக்கும்தான். ரஸீனுக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பூச்சடிக்கும் நாளில் அந்த வீட்டில் ஃபேன் சுழலாது. வீடு கூட்டும் தும்புத்தடி அசையாது. எண்ணெய்ப் புகை படிந்துவிடும் என்று மனைவி ஜஹானாவுக்குத் தாளிக்கவும் தடை. பனியனிலிருந்து நூல் பறக்கும் என்பதால் அதையும் கழற்றிவிட்டு, வெறும் சாரத்தோடு, மூச்சை அடக்கிக்கொண்டு போர்ட்டிகோவில் நின்று அடிப்பார். அதற்கு முன்னால் குசினிக்குப் போய் உப்புப் போத்தலைக் குலுக்கிப் பார்ப்பார். ஏன் என்று நானும் ஒருநாள் கேட்டேன்.

“ஈரக் காத்துல மெட் அடிச்சா வெள்ள பூத்திடும் சேர். உப்பு ஓடினா அடிக்கேலும். கட்டி பட்டா அடிக்கேலா.”

“ஈரம் பாக்க மீற்றர் ஒண்டு வாங்கலாமே தம்பி?”

“உப்புக்கு பெட்டரி தேவல்லயே சேர்!”

இப்படியே சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தவரை மாமனார் வந்து மாட்டிவிட்டார். ஜஹானாவின் வாப்பா பஹீம் ஹாஜியார் கெலிஓயாக்காரர். கண்டி – மடுல்கெல்ல ரூட்டில் முப்பது வருடம் சொந்த பஸ் ஓட்டியவர். மருமகனைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் ஒரே வரிதான்: “அவர் விளாட்டு சாமான் வெச்சி விளாடுறார்.” கலியாணம் முடிந்து ஏழு வருடமாக வெறும் ‘அவர்’. பெயரும் கிடையாது, முறையும் கிடையாது. அப்படிப்பட்டவர் பஸ்ஸை விற்ற கையோடு மகளிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்: “அவருக்கு ஏலுமெண்டா எங்கட பஸ்ஸச் சின்னதா செஞ்சி தரச் சொல்லுங்க. ஷோகேஸ்ல வெக்க.” அன்று ரஸீனுக்குக் கால் தரையில் படவில்லை. சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குச் சொந்தக்காரரையெல்லாம் அழைத்தாயிற்று. பஸ் அன்று போய்ச் சேர வேண்டும். சொதப்பினால் ஆயுள் முழுக்க ‘அவர்’தான்.

புதன்கிழமையே பஸ் முடிந்துவிட்டது. நானே சாட்சி. ஒன்றரைச் சாண் நீளத்தில் கரும்பச்சை பஸ். நகமளவு கண்ணாடி, ‘மடுல்கெல்ல’ என்ற பலகை, பின்னால் புகை படிந்த அழுக்குக்கூட அச்சு அசல். எனக்கு ஏறி உட்கார்ந்து டிக்கெட் எடுக்க வேண்டும் போலிருந்தது.

“தம்பி, இனி இதிலை கை வைக்காதையும்,” என்றேன்.

“சத்தியமா வெக்க மாட்டன் சேர்,” என்றார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

வியாழக்கிழமை: “மாமா ஒவ்வொரு நாளும் கழுவி மினுக்கின பஸ் சேர். இது கராஜ்ல படுத்த பஸ் மாதிரி ஈக்கி.” அடித்தார் கிளொஸ். வெள்ளிக்கிழமை: “மினுக்கம் கூடிட்டு சேர். விளாட்டு சாமான் மாதிரியே ஈக்கி!” ஆகவே, சனிக்கிழமை காலையில் மெட். ஆனால் கண்டியில் மழை விட்டால்தானே? போத்தலைக் குலுக்கினார். உப்பு கல்லாக இறுகிக் கிடந்தது. உங்களையும் என்னையும் போன்ற சாமானியர்கள் அதோடு விட்டுவிட்டு முகம் கழுவப் போயிருப்போம். ரஸீன் என்ன செய்தார் தெரியுமா? கடையிலிருந்து புது உப்புப் பைக்கட் ஒன்றை வாங்கி வந்து, உடைத்து, அதைக் குலுக்கினார்.

“உப்பு ஓடுது சேர்!” என்று மதிலுக்கு மேலால் கூவினார்.

இருபது நிமிடத்தில் பஸ் முழுவதும் இடியப்ப மாவில் புரட்டி எடுத்தது போல் வெளுத்துவிட்டது. பலகையில் ‘ம’ மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஜஹானாவின் ஹெயார் டிரையர் வந்தது, பயனில்லை. “ஒரே ஒரு கோட் கிளொஸ் அடிச்சாத் தெளிஞ்சிடும்,” என்று ரஸீன் டின்னை எடுக்க, ஜஹானா அதைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“ஒரு மணிக்குச் சோறு. இப்பிடியே கொண்டு போங்க. இல்லாட்டி நான் தனியப் போறன்.”

மோட்டார் சைக்கிளில் அதைக் கொண்டுபோக முடியாது என்பதால் என் காரில் போனோம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பேராதனை நெரிசல் முழுவதும் ரஸீன் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

கெலிஓயாவில், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டுகள் வந்துவிட்டன. ஹாஜியார் பெட்டியைத் திறந்தார். “மாவு ஏத்தின பஸ்ஸா இது?” என்றார் ஒரு மூத்தவர். எல்லோரும் சிரித்தார்கள். ரஸீன் தரையைப் பார்த்தார். ஹாஜியார் சிரிக்கவில்லை. பஸ்ஸைத் திருப்பினார், டயரைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்துத் துடைத்தார். வெள்ளை போகவில்லை. மேசையில் வைத்தார். இரண்டடி பின்னால் போனார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

நான் ரஸீனைத் திரும்பிப் பார்த்தேன்.

“இதுக்கு மேல இன்னம் ஒரு கோட் அடிச்சாச் சரி வராதா, மகன்?”

மகன்! ரஸீனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜஹானா அலுமாரியில் பூட்டியது பெரிய டின்னைத்தான். சின்ன டின் ஒன்று அவருடைய காற்சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது. மாமாவும் மருமகனும் சோற்றை மறந்து கராஜுக்குப் போனார்கள்.

“முப்பது வருஷமா அந்த பஸ்ஸுக்கு மேலால மேலால பெயின்ட் அடிச்சி, கடைசில கதவு சாத்த ஏலாமப் போச்சி,” என்றார் ஜஹானாவின் உம்மா றலியா, மகளுக்குக் கறி வைத்துக்கொண்டே. “அதாலதான் வித்தது.”

கிளொஸ் அடித்ததும் வெள்ளை தெளிந்து, கரும்பச்சை பஸ் புத்தம் புதிதாக வெளிவந்தது. வாசலில் நின்று பார்த்த நாங்கள் கைதட்டிவிட்டுச் சோற்றுக்குத் திரும்பினோம். கராஜிலிருந்து இரண்டு குரல்கள் கேட்டன. “கொஞ்சம் மினுக்கம் கூடின மாதிரி ஈக்கி மாமா.” “ஓ மகன், மெட் ஒண்டு அடிச்சா...” வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஷோகேஸ் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

சிரிக்கிறீர்களா வாசகரே? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். நேற்று உங்கள் வீட்டுக் கறி சரியாகத்தான் வந்திருந்தது. ருசி பார்த்த எல்லோரும் “போதும், இறக்குங்க” என்றார்கள். அதற்குப் பிறகு மூடியைத் திறந்து, இன்னும் அரைத் தேசிக்காய் பிழிந்தது யார்?