பச்சை விளக்கும் ஜெரால்டு மாமாவும்

நம் ஊரில் 'பதில் மாமா' என்றொரு இனம் உண்டு. கேள்வி யாருக்கு வந்தாலும் பதில் அவரிடமிருந்துதான் புறப்படும். டாக்டர் உங்களைப் பார்த்து "எங்கே வலிக்கிறது?" என்றால், "வயித்துலதான் சார், நேத்து புரோட்டாவ ஒரு வெட்டு வெட்டினான்" என்பார்; கல்யாணப் பந்தியில் உங்கள் இலைக்குப் பாயசம் வந்தால், "வேண்டாம், அவனுக்குச் சுகர்" என்று வாளியையே திருப்பி அனுப்புவார். உங்களுக்குச் சுகரே கிடையாது. கெட்டவரா? சேச்சே, பாசக்காரர். தொல்லையே அதுதான்.

எனக்குத் தெரிந்த பதில் மாமா, தூத்துக்குடி ஜெரால்டு. அவர் தங்கை விஜிலாவின் மகள் ஸ்டெபிக்கு ஆட்டிசம். எதிரில் இருப்பவர் எப்போது பேசி முடிக்கிறார், தான் எப்போது தொடங்கலாம் என்பது அவளுக்குப் பிடிபடாது. அதற்காகப் பயிற்சி மையத்தில் ஒரு கண்ணாடி கொடுத்திருந்தார்கள். போட்டுக்கொண்டால், எதிராளியின் முகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு விளக்கு தெரியும்: யாராவது பேசினால் சிவப்பு, எல்லாரும் நிறுத்தினால் பச்சை. பச்சை வந்தால் ஸ்டெபி பேசலாம்.

அன்று பேக்கரிக்கார உமாராணி, ஸ்டெபியை வேலைக்கு எடுக்கலாமா என்று பார்க்க, ஒரு பெட்டி முந்திரி மக்ரூனோடு வீட்டுக்கு வந்திருந்தார். ஸ்டெபி ஆசைப்பட்டுக் காத்திருந்த வேலை. ஜெரால்டு மாமாவை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டா வருவார் அவர்?

"பேரு என்னம்மா?"

"ஸ்டெபி," என்றார் மாமா.

"கடையில நிக்கப் பிடிக்குமா?"

"கூட்டம்னாலே அவளுக்கு ஆகாது. பாவம், வாயே தொறக்க மாட்டா."

ஸ்டெபி கண்ணாடி வழியாகப் பார்த்தபடி இருந்தாள். சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

"ஏளா, பச்சை எரியுதா? எரியல. கண்ணாடி ரிப்பேர்!" என்று மாமா தீர்ப்பும் வழங்கிவிட்டார்.

உமாராணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மகளுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு கண்ணெதிரே வாசலைப் பார்த்துப் போகிறதே! விஜிலா சட்டென்று பெட்டியைத் திறந்து, "அண்ணே, இதத் தின்னு பாரு," என்று இரண்டு மக்ரூனை ஒன்றாக அண்ணன் வாயில் திணித்தாள். முந்திரியும் சீனியும் மேல்வாயில் அப்பிக்கொள்ள, பிறந்ததிலிருந்து முதல் முறையாக மாமா வாயடைத்துப் போனார்.

பச்சை.

"எனக்குக் கடையில நிக்கப் பிடிக்கும். எடை போடத் தெரியும்," என்றாள் ஸ்டெபி. சற்று யோசித்து, "மாமா அங்கன வரக் கூடாது," என்றாள்.

உமாராணி சிரித்துவிட்டார். "மாமாவ நான் பாத்துக்கிடுதேன். திங்கக்கெழமை வாரியா?"

அவசரமாக விழுங்கிய மாமா முந்திக்கொண்டார்: "வருவா, வருவா!"

நீங்கள் இந்த இனமில்லையே? என்னிடம் சொல்லாதீர்கள். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, "நான் அப்படியா?" என்று கேளுங்கள். கேட்டீர்களா? "சேச்சே, இல்லவே இல்லை" என்று பதில் வந்ததா? நல்லது. அதைச் சொன்னது அவர்களா, நீங்களா?