மதாம் எலேனிக்கு நான் சிலுவை போடப் பழக்கிய கதை

"தெரியாது" என்ற சொல் என் வாயில் லேசில் வராது. எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் யாராவது வழி கேட்டால், நான் கேள்விப்படாத தெருவுக்கும் கையை நீட்டிக் காட்டிவிடுவேன். (அவர்களில் சிலர் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம்.) இந்த வியாதியால் ஒரு வயதான பெண்மணி தன் வீட்டை இழக்கப் பார்த்தார். இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று சிரிக்கவில்லை.

உணவகத்தில் சட்டி கழுவி முதுகு போன பிறகு, முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் வேலைக்குப் படித்தேன். முதல் ஆளை ஒப்படைக்கும்போது பொறுப்பாளர் பெண்மணி என்னை உட்காரவைத்து விளக்கினார்.

"மதாம் எலேனி கிரேக்கப் பெண்மணி. பக்கவாதம் வந்தபின் பிரெஞ்சு முழுவதும் மறந்துவிட்டது. கிரேக்கம் மட்டும்தான் பேசுகிறார். அவருடைய பழக்கவழக்கம், சமயம் எல்லாம் அறிந்து நடக்க வேண்டும். முடியுமா?"

"கிறிஸ்தவர்தானே மதாம்? நானும் கிறிஸ்தவன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு மாதா கோயிலுக்குப் பக்கத்து வீடு. எனக்கு எல்லாம் தெரியும்."

அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். பாவம், அவருக்கு என்னைத் தெரியாது.

மதாம் எலேனி கணவரோடு சேர்ந்து இந்தப் பத்தாம் வட்டாரத்திலேயே மிருக ரோமக் கோட்டுகள் தைத்து வாழ்ந்தவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் நிக்கோ லியோனில். மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி அதிரும் வீடு அது. சமைக்கிற குசினி மூலையில் ஒரு மாதா படம், முன்னால் ஒரு சின்ன விளக்கு. அதைக் கண்டதும் எனக்கு எங்கள் ஆள் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

முதல் நாள் காலை அவர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டார். நெற்றி, நெஞ்சு, அப்புறம் வலத் தோள், கடைசியாக இடத் தோள். எனக்குப் பகீரென்றது. பக்கவாதம் மனுஷியின் சிலுவையையும் குழப்பிவிட்டதே! அவர் கையைப் பக்குவமாகப் பிடித்து, முதலில் இடம், பிறகு வலம் என்று திருத்திக் காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி தன்பாட்டுக்குப் போட்டார். நான் மறுபடி திருத்தினேன். பளாரென்று கையில் ஓர் அடி விழுந்தது. (ரோமத் தோலை இழுத்துத் தைத்த கை. லேசுப்பட்டதல்ல.)

பொறுப்பாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "இடம் வலம் தெரியவில்லை மதாம். அடிக்கவும் செய்கிறார்."

அந்த வருடம் எங்கள் ஈஸ்டர், அதுதான் உயிர்த்த ஞாயிறு, முடிந்த அடுத்த கிழமைதான் நான் வேலை தொடங்கியது. என் மகள் சாப்பிட்டு மிஞ்சிய சொக்கிலேட் முட்டை ஒன்றை வாழ்த்துச் சொல்லிக் கொடுத்தேன். மதாம் எலேனி அதை விரல் நுனியால் தள்ளிவிட்டார். அவித்த முட்டை கொடுத்தேன், தயிர் கொடுத்தேன், சீஸ், கோழி, மீன் என்று வரிசையாக வைத்துப் பார்த்தேன். எதையும் தொடவில்லை. காய்ந்த பாண் ரொட்டியும் பால் விடாத தேநீரும்தான் இறங்கின. ஒலிவ் காயைக் கேட்டுக் கையை நீட்டினார். உப்புக் கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்ததால், போத்தலை அலுமாரிக்கு மேல் ஒளித்துவைத்தேன். மனுஷியின் சட்டை தோளிலிருந்து வழுகத் தொடங்கியது.

ஒவ்வொரு நாளும் தவறாமல் அறிவித்தேன். சாப்பிட மறுக்கிறார், குழம்பியிருக்கிறார், அடிக்கிறார். நான் கடமை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் செய்திகள் லியோனுக்குப் போய்ச் சேர்ந்தன. முடிவு ஒரு நாள் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மகனும் டொக்டரும் பொறுப்பாளரும் வருவார்கள். அவர்கள் முன்னால் சாப்பிடாவிட்டால், நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் தயாராக இருக்கிறது. அங்கே கிரேக்கம் பேச ஒரு குருவிகூட இல்லை.

அதைக் கேட்டபின் எனக்கும் சோறு இறங்கவில்லை. வெள்ளி காலை என் மனைவி ரெஜினா இரண்டு டப்பாக்களை நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, அந்த அம்மாவுக்கு ஆட்டெலும்புச் சூப் வைச்சிருக்கிறன். இதையும் குடிக்காட்டி ஆரும் ஒண்டும் செய்யேலாது."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ?"

"வருத்தக்காரருக்கு என்ன வெள்ளி? உங்களுக்குக் கணவாய்க் கறியும் சோறும் தனியா இருக்கு. மாறிக் குடுத்துப்போடாதேங்கோ."

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. அந்த அம்மாவுக்கும் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இருக்கலாம் என்று கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தோன்றவில்லை.

மதியம் மூவரும் வந்தார்கள். நிக்கோ கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். டொக்டர் மதாம் எலேனிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். நான் சூப்பை ஊற்றினேன். ஒரு கரண்டி அள்ளி நீட்டினேன். மதாம் எலேனி முகர்ந்து பார்த்தார், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஒரு வாய், மதாம். ஒரே ஒரு வாய்."

அவர் முகத்தைத் திருப்பினார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது செய்ததுபோல, கரண்டியை விமானமாக்கி, "ஊஊ..." என்று சத்தமும் போட்டு வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் கை ஓங்கியது. விமானம் டொக்டரின் காற்சட்டையில் விழுந்தது.

"போதும்," என்றார் டொக்டர். பொறுப்பாளர் என்னைப் பார்க்கவில்லை.

நிக்கோ தாயின் முன்னால் குந்தியிருந்து கிரேக்கத்தில் மெல்ல ஏதோ சொன்னார். விளங்கிவிட்டது மதாம் எலேனிக்கு. மேசை விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கத்தவில்லை. மாதா படத்தைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். இந்த மனுஷியை நான்தான் இந்த வீட்டிலிருந்து கிளப்புகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

காற்சட்டையைத் துடைக்கத் துணி எடுப்பதற்காக என் பையை இழுத்தேன். பதற்றத்தில் என் சாப்பாட்டு டப்பா மேசையில் சரிந்து மூடி கழன்றது. கணவாய்க் கறி மணம் குசினி முழுக்கப் பரவியது.

மதாம் எலேனி தலையை நிமிர்த்தினார். டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு கணவாய் வளையத்தை விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வளையத்தைத் திரும்ப வைத்துவிட்டு, பயபக்தியோடு சிலுவை அடையாளம் போட்டார். நெற்றி, நெஞ்சு, வலத் தோள்...

"பாருங்கள் டொக்டர், இதைத்தான் சொன்னேன்!" என்று பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"என்ன செய்கிறீர்கள்?" என்றார் நிக்கோ.

"திருத்துகிறேன். தினமும் பழக்குகிறேன், மறந்துவிடுகிறார்."

"அதில் திருத்த என்ன இருக்கிறது? நாங்கள் அப்படித்தான் போடுவோம்."

"நாங்கள் என்றால்?"

"கிரேக்கர்கள் எல்லாரும்."

நான் பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன். மதாம் எலேனி சாப்பிடத் தொடங்கினார். யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூளால் அவருக்கு மூக்கிலும் கண்ணிலும் நீர் ஓடியது. நிறுத்தவில்லை. நடுவில் என்னைச் சுட்டிக் காட்டி மகனிடம் படபடவென்று பொரிந்து தள்ளினார். நிக்கோ கேட்டுக்கொண்டே முகத்தைப் பொத்தினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான்.

"எங்கள் கிரேக்கச் சபையின் நாட்காட்டி வேறு, எங்கள் உயிர்த்த ஞாயிறு இன்னும் வரவில்லையாம். அடுத்த ஞாயிறுதானாம். அதுவரை இறைச்சி, முட்டை, பால், மீன் எதுவும் தொடக் கூடாது. கணவாய் கடலில் பிடித்தாலும் இரத்தம் இல்லாதது, அதனால் ஆகுமாம். எனக்கே மறந்துபோயிற்று." கொஞ்சம் நிறுத்தினார். "வந்த நாளிலிருந்து இந்த ஆள் ஏன் தன் தவக்கால நோன்பை முறிக்கப் பார்க்கிறார், ஏன் தினமும் காலையில் தன் கையை முறுக்குகிறார் என்று அம்மா கேட்கிறார்."

"குழப்பம் நோயாளிக்கு இல்லை என்று நினைக்கிறேன்," என்றார் டொக்டர், காற்சட்டையைத் துடைத்தபடி. ஒலிவ் காயை நன்றாகக் கழுவிக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். முதியோர் இல்லப் பேச்சு அத்தோடு நின்றது. வாசலில் வைத்துப் பொறுப்பாளர் கேட்டார்: "மெசியு பெனடிக்ற், எல்லாம் தெரியும் என்றீர்களே?"

"தெரியாது, மதாம்," என்றேன். சொல்லிப் பழக்கமில்லாததால் அது இருமல் மாதிரித்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு மதாம் எலேனி எனக்கு ஒரு சிவப்புச் சாயமிட்ட முட்டை கொடுத்தார். தன் முட்டையால் அதை இடித்து உடைத்துவிட்டு, வென்ற சந்தோஷத்தில் கைகொட்டினார். அந்த வீட்டில்தான் இன்னமும் இருக்கிறார். அவருடைய தவக்காலத்தில் ரெஜினா மிளகாய்த் தூளைக் குறைத்துக் கணவாய் சமைத்துத் தருகிறாள்.

என் வீட்டில்தான் எனக்கு விமோசனமில்லை. நான் "எனக்குத் தெரியும்" என்று வாயைத் திறந்தால் போதும், "டப்பாவைத் திறக்கட்டோ?" என்கிறாள் ரெஜினா. மகள் அதுவும் சொல்வதில்லை.

போன கிழமை ரூ பெர்தொனே தெருவில் ஒருவர் என்னை மறித்து ஏதோ ஒரு தெருவுக்கு வழி கேட்டார். வழக்கம்போல என் கை உயர்ந்தது. பக்கத்தில் நின்ற மகள் நெற்றியைத் தொட்டாள், நெஞ்சைத் தொட்டாள், பிறகு வலத் தோளுக்குப் போனாள்.

"தெரியாது, அண்ணை," என்று கையை இறக்கிக்கொண்டேன்.