என் வாயைக் கட்டிய ஆராய்ச்சி

அன்பும் அதட்டலும் சரிபாதியாகக் கலந்த என் அக்காவுக்கு, உன் தம்பி கத்தரியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். கடையில் நாற்காலியும் கண்ணாடியும் ஃபேனும் நலம். அங்கே நீயும் உன் முழங்காலும், அத்தானும் அவருடைய குறட்டையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நேற்று போனில் நீ கேட்டது ஒரே கேள்வி. "என் பொண்ணோட ஆராய்ச்சியைக் கெடுத்தியா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லு." நான் தொண்டையைச் செருமுவதற்குள் பதிலையும் நீயே சொல்லி, திட்டையும் முடித்து, போனையும் வைத்துவிட்டாய். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள். நாலாம் வகுப்போடு எனக்கும் வாத்தியாருக்கும் ஒத்துவராமல் போனது உனக்குத் தெரியாததா.

உன் மகளை நான் ஊசி போடாத டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறேன். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள், ஆனால் தலைவலிக்கு மாத்திரை கேட்டால் முறைக்கிறாள். வெளிநாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களுக்குச் சாயங்காலம் நம் பேச்சைச் சொல்லிக்கொடுக்கிறாள் அல்லவா, அவர்கள் வகுப்பில் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிடுகிறார்களாம், வெளியே வந்து உயிருள்ள ஒரு மனுஷன் எதிரே நின்றால் வாய் பூட்டிக்கொள்கிறதாம், அந்தப் பூட்டு எதனால் விழுகிறது, எதனால் திறக்கிறது, அந்த நேரத்தில் மனசு என்ன பாடுபடுகிறது என்பதுதான் ஆராய்ச்சியாம். பயத்தைப் படிக்கவும் ஒரு படிப்பு இருக்கிறது என்று கேட்டதும் நான் சீப்பைக் கீழே போட்டுவிட்டேன், அக்கா. இத்தனை வருஷமாய் ஊரார் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், உள்ளே இப்படியெல்லாம் ஓடும் என்று யோசித்ததே இல்லை. வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதி பெஞ்சில் உட்கார்ந்தே படிக்க, மறுபாதி கடைகளுக்குப் போய்ப் பேசிப் பழக வேண்டும் என்று ஏற்பாடு. செருப்புத் தைக்கிறவரிடம் ஒருவர், காய்கறிக் கடையில் ஒருவர், என் நாற்காலிக்கு ஒருவர். பாதியில் யாராவது பயந்து நின்றுவிட்டால் ஆராய்ச்சியே படுத்துவிடும் என்று சொல்லி எனக்குச் சட்டம் போட்டாள்.

"மாமா, சிரிக்கக் கூடாது. கேலி கூடாது. தப்பா பேசினா திருத்தக் கூடாது. அவங்க ஆரம்பிச்சதை நீங்க முடிச்சு வைக்கக் கூடாது. வர்ற வரைக்கும் காத்திருக்கணும்."

"காத்திருக்கறப்ப நான் என்னம்மா செய்யறது?"

"காத்திருக்கணும்."

கடையைப் பாதியாக மறைக்கிற தட்டிக்கு அந்தப் பக்கம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி, "மீனைக் கூப்பிட்டு நனையாம நீந்துன்னு சொல்ற. பார்க்கலாம்" என்றாள்.

எனக்கு வந்து வாய்த்தவர் ஒரு வெல்டர். இரும்புப் பட்டறையில் வேலை, கதவை மறைக்கிற உடம்பு, கையில் தீப்பொறி பட்ட புள்ளிகள். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார், அதோடு சரி. மனசுக்குள் தலையாட்டி என்று பெயர் வைத்துக்கொண்டேன், சட்டத்துக்குப் பயந்து வெளியே சொல்லவில்லை. முதல் நாள் "பக்கத்துல குறைக்கவா?" என்றேன், ஆட்டினார். "இன்னும் குறைக்கவா?" ஆட்டினார். "மேல?" ஆட்டினார். முடிவெட்டுகிற மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆட்டுகிறவர் தலையில் அது எங்கே போகும் என்று மெஷினுக்கே தெரியாது, ஒரு பக்கம் பள்ளமாகிவிட்டது, அதைச் சரிக்கட்ட மறுபக்கம் எடுத்தேன், மறுபக்கத்தைச் சரிக்கட்ட நடுவில் எடுத்தேன், கடைசியில் காதுகள் மட்டும் உள்ளபடி இருந்தன. வேறு யாராக இருந்தாலும் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்றைக்கு வாயை இறுக்கிக்கொண்டு, சவரக்கத்தியும் கையுமாக, ஒரு பேச்சில்லாமல் பின்னால் நின்றேன். கண்ணாடியில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கத்தியோடு பேசாமல் நிற்கிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் பேச்சு வரும்.

இறங்கும்போது ஒரு அட்டையில் குறிபோட வேண்டும். அதில் அழுகிற முகத்திலிருந்து பல்லைக் காட்டுகிற முகம் வரைக்கும் வரிசையாகப் போட்டிருக்கும், இன்றைக்கு மனசு எப்படி என்று அதில் காட்ட வேண்டும். தலையாட்டி கண்ணாடியை ஒருமுறை பார்த்தார், பல்லைக் காட்டுகிற முகத்தில் குறிபோட்டுவிட்டுப் போனார். நான் உன் மகளுக்குப் போன் போட்டு, "டாக்டரே, உன் ஆளு சந்தோஷத்துல மிதக்கறாரு" என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். "எல்லாரும் அந்த முகத்திலேயேதான் போடறாங்க மாமா. மரியாதைக்குப் பொய் சொல்றாங்க. உண்மையான முகத்தை எப்படி வாங்கறதுன்னுதான் தெரியல."

அக்கா, அவளுடைய குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. ராத்திரி சாப்பாட்டில் எனக்கு மனசு ஒட்டவில்லை.

வெட்ட முடி இல்லாவிட்டாலும் தலையாட்டி வாராவாரம் வந்தார். சவரம் செய்துகொள்வார், நான் காத்திருப்பேன், அவர் வாயைத் திறப்பார், மூடுவார், ஆட்டுவார், போவார். பிறகு ஒருநாள் கன்னத்தில் நுரை போட்டபடி இருக்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பள்ளிக்கூடம்" என்றார். நான் பிரஷ்ஷோடு நின்றேன். "கூப்பிட்டாங்க." நின்றேன். "என் மகள்... வகுப்புல... பேச மாட்டேங்குறா." நுரை காயத் தொடங்கிவிட்டது, வரிசையில் உட்கார்ந்திருந்த தபால்காரர் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், நான் அசையவில்லை. பட்டறையில் பெரிய இரும்பைச் சங்கிலி போட்டு மேலே தூக்குவார்களே, அப்படி ஒவ்வொரு வார்த்தையும் அந்த மனுஷனுக்குள்ளேயிருந்து ஆடி ஆடி மேலே வந்தது. விஷயம் இதுதான். மகள் இரண்டாம் வகுப்பு, வீட்டில் ஓயாத வாயாடி, பள்ளிக்கூடத்தில் மட்டும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைக்குப் புத்தி மந்தம், ஒரு வகுப்பு கீழே இறக்கப் போகிறோம், அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அவள் மந்தமில்லை என்று யாராவது போய்ச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் என் நாற்காலியில் நுரையோடு உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் வந்து பேசறேன்யா. ஒரு அரைமணி போதும், டீச்சரே அழுதுடுவாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆனால் இந்தமுறை பக்கவாட்டில்.

"வேண்டாம்" என்றார். "அப்பா... நான்தானே."

அக்கா, எனக்குக் கையிலிருந்த பிரஷ் கனத்தது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரியும் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு அவர் அட்டையில் அழுகிற முகத்தில் குறிபோட்டார். அட்டையை வாங்க வந்த உன் மகள் அதைப் பார்த்து, பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவள் மாதிரி நின்றாள். "இதுதான் மாமா முதல் உண்மை" என்றாள். அழுகிற முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற படிப்பு என்னம்மா படிப்பு என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது, சட்டம் ஞாபகம் வந்து விழுங்கினேன்.

மறுநாளிலிருந்து ஒத்திகை. நான்தான் வகுப்பு டீச்சர். போர்த்துகிற துணியைத் தோளில் சேலை மாதிரி போட்டுக்கொண்டு, சீப்பைப் பிரம்பாகப் பிடித்து, கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி தலைமை ஆசிரியை. கேட்டதற்கு மேலேயே நடித்தாள், "நேரமாகுது, சீக்கிரம் சொல்லுங்க" என்று அவள் போட்ட அதட்டலில் தபால்காரர் எழுந்து நின்றுவிட்டார். தலையாட்டி எதிரே நின்று, "டீச்சர், என் மகள்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சருக்கு... மீசை இருக்காது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அடக்கினேன், அடங்கவில்லை, நாற்காலியோடு சுழன்று சிரித்தேன், என் வீட்டுக்காரி சிரித்தாள், தபால்காரர் சிரித்தார், தலையாட்டி தன் வாயிலிருந்துதான் வந்ததா என்பதுபோல் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அப்புறம்தான் வாசலில் உன் மகள் நிற்பதைப் பார்த்தேன். தொலைந்தது ஆராய்ச்சி, நீ என்னைக் கொன்றுபோடுவாய் என்று துணியை உருவி எறிந்தேன்.

"சட்டத்தை மீறிட்டேன்மா."

"இல்ல மாமா. அவங்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதுன்னேன். இப்ப அவரு நம்மளைச் சிரிக்க வெச்சாரு. ரெண்டும் ஒண்ணில்ல." சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தாள். நீ போனில் கேட்டாயே, கெடுத்தியா என்று, உன் காதுக்கு வந்தது தபால்காரர் ஊரெல்லாம் பரப்பின பாதிக் கதை. மீதிக் கதை இதுதான்.

பள்ளிக்கூடத்துக்கு நானும் உன் மகளும் போனோம், ஆனால் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நிற்கத்தான் அனுமதி. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் அந்தப் பெரிய உடம்பு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் மகள் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். டீச்சர் கெட்டவர் இல்லை, களைத்துப் போனவர், மேசையில் நோட்டுகள் மலையாக இருந்தன. "சொல்லுங்க" என்றார். தலையாட்டி வாயைத் திறந்தார். வரவில்லை. டீச்சர், "உங்க பொண்ணுக்குப் புரியறதில்ல, அதைத்தானே சொல்ல வர்றீங்க?" என்று அவருக்காக முடித்துவைத்தார். எனக்கு ஜன்னலைத் தட்டலாம் போல இருந்தது. உன் மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல" என்றார் அவர். "அதை இல்ல. கொஞ்சம்... காத்திருங்க." டீச்சர் பேனாவை வைத்தார். "எனக்கும் தெரியும். உள்ள எல்லாம் இருக்கு. யாராவது அவசரமா பார்த்தா... வராது. காத்திருந்தா வருது. என் மகளுக்கும் அப்படித்தான். அவ மக்கு இல்ல. பயம்."

டீச்சர் பிள்ளையின் பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, சும்மா உட்கார்ந்தார். மணி அடித்தது, பக்கத்து வகுப்புகள் கலைந்து ஓடின, அவர் எழுந்திருக்கவில்லை. அப்புறம் அந்தக் குட்டி, பலகையில் எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து மெதுவாகப் படிக்க ஆரம்பித்தாள். நாலாவது வரியில் நிறுத்தி, டீச்சர் ஒரு எழுத்தை விட்டுவிட்டதாகச் சொன்னாள். டீச்சர் திரும்பிப் பார்த்தார். விட்டிருந்தார்.

கீழே இறக்கும் பேச்சு இனி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன், ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை.

ஆகவே அக்கா, ஆராய்ச்சியை நான் கெடுக்கவில்லை, தூக்கி நிறுத்தியிருக்கிறேன். அந்த மனுஷனுக்கு வாய் வந்தது என் நாற்காலியில், என் நகைச்சுவையில், என் மீசையால். பட்டம் கொடுக்கிற அன்று மேடையில் மாமாவுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல். அத்தானுக்கு என் வணக்கம், உன் முழங்காலுக்கு என் விசாரிப்பு. என் வீட்டுக்காரி உன்னை ரொம்பக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், திட்டு ஏதாவது மீதியிருந்தால் அவள் பெயருக்கு அனுப்பலாம் என்றும் சொன்னாள். எல்லாரும் வயிறும் மனசும் நிறைந்து இருங்கள்.

இப்படிக்கு, வாயைக் கட்டியும் வாழ்ந்து காட்டிய உன் தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தலையாட்டி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே, முதல் நாள் நான் வெட்டினது அவருக்குப் பிடிக்கவே இல்லை என்றும், பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள் என்றும், கிருதா இன்றைக்கும் ஏற்ற இறக்கமாக இருக்கிறது என்றும், பிடரியில் என் மெஷின் சுடுகிறது என்றும் மூச்சுவிடாமல் சொன்னார். இனிமேல் தெருமுனையில் இருக்கிற சலூனுக்குத்தான் போகப் போகிறாராம். அப்போது கடையில் இருந்த உன் மகள் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள், அவள் கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில். எனக்குத்தான் தாங்கவில்லை. "அந்த ஆளு கல்லு மாதிரி நிப்பான்யா, ஒரு பேச்சு பேச மாட்டான்" என்றேன்.

"அதுக்குத்தான் போறேன்" என்றார். "இங்க நீங்க பேசறீங்க. அங்க நான் பேசலாம்."