படுக்கையறைக் கூரையில் கடல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

எங்கள் கட்டிலுக்கு நேர் மேலே கூரை விரிசல் விட்டு, காரை தொங்கிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு ஐந்து கடிதம் போட்டேன், மனிதர் அசையவில்லை. கடைசியில், "போட்டோ அனுப்புங்க, பாக்கலாம்" என்றார். எடுத்தேன், மங்கலாக விழுந்தது. கம்ப்யூட்டர் படித்த மாப்பிள்ளை இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று, கொஞ்சம் பளிச்சென்று ஆக்கித் தரச் சொல்லி உங்களுக்கு அனுப்பினேன். அங்கேதான் என் புத்தி கெட்டது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரு படத்தின் உருவத்தையும் இன்னொரு படத்தின் பாணியையும் பிசைந்து புதுப் படம் செய்யும் ஏதோ நியூரல் நெட்வொர்க்காம், அதில் என் விரிசலைப் போட்டு, யாரோ வரைந்த கடல் ஓவியத்தின் பாணியை அதன் தலையில் ஏற்றினீர்கள். விரிசல் அலையாகிவிட்டது, ஈரக் கறை மேகமாகிவிட்டது. மூக்குக்கண்ணாடி போடாமல் அதை அப்படியே வீட்டுக்காரருக்குத் தட்டிவிட்டது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பளிச்சென்று ஆக்கச் சொன்னால் அலையடிக்க வைப்பார் என்று எந்த மாமனாருக்கய்யா தோன்றும்? பத்தே நிமிடத்தில் போன். "யாரைக் கேட்டு சார் கூரையில படம் வரைஞ்சீங்க?" என்கிறார். "அது விரிசல் சார்!" என்றால், "எனக்குக் கண்ணு இல்லையா? நீலப் பெயின்ட் தெரியுது. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்க" என்று வைத்துவிட்டார். முப்பத்திரண்டு வருடம் கடைகடையாக ஏறி இறங்கித் தராசுக்கு அரசாங்க முத்திரை குத்தியவன் நான். என்னை ஒருவர் பொய்யன் என்று சொன்னதில்லை. இந்த வயதில், ஏணி போட்டுக் கடல் வரைந்தவன் என்று பெயர். உங்களிடம் போனில் கத்தினால், "கலர் நல்லா வந்திருக்குல்ல மாமா?" என்கிறீர்கள்! உங்கள் அத்தை அதற்கும் மேல். "மாப்பிள்ளை ஆசையா பண்ணிக் குடுத்திருக்காரு, சும்மா கத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் படத்தைத் தன் போன் முகப்பில் வைத்துக்கொண்டாள். நான் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். கட்டிலைக் கூடத்துக்கு இழுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. எங்கே போய் வீடு தேடுவது? மாப்பிள்ளையாகப் போய்விட்டீர்கள்; மகனாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் ஒரு 'நீங்கள்' கூட இருந்திருக்காது.

இனி என் வீட்டுப் படம் எதையும் நீங்கள் தொடக் கூடாது. மகளுக்கு ஆசி, பேத்திக்கு முத்தம். உங்களுக்கும் ஆசிதான், வேறு வழியில்லை.

இப்படிக்கு,
கோபம் தணியாத மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள், ஓவியத்தைச் சுரண்டி எடுக்க ஆளோடு வீட்டுக்காரரே வந்துவிட்டார். "எங்க சார் அந்தக் கடல்?" என்று அண்ணாந்து பார்த்தவரின் காலடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் காரை வந்து விழுந்தது. ஐந்து கடிதத்துக்கு அசையாத மனிதர் ஒரே தாவலில் வாசலில் நின்றார். நாளைக்குக் கொத்தனார் வருகிறார், காலி செய்ய வேண்டாமாம். குளியலறைச் சுவரும் ரொம்ப நாளாக ஒழுகுகிறது. படத்தை உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். இந்த முறை அலை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.