ஐம்பத்தைந்து நிமிட மாப்பிள்ளைக்கு

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. நானும் மாமாவும் சுகமாக வீடு வந்து சேர்ந்தோம், பஸ்ஸில். நீங்களும் என் மகளும் அவளுடைய புது மருந்துக்கடையும் நன்றாக இருக்க வேண்டும். இதோடு மரியாதை முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பெண் கேட்டு வந்த அன்று, அவ்வளவு தூரத்திலா கொடுப்பது என்று நான் தயங்கியபோது, கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினீர்களே, நினைவிருக்கிறதா? இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே ஒரு கோடு. "நானூத்தி இருபது கிலோமீட்டர், அம்பத்தஞ்சு நிமிஷம். பக்கத்துத் தெரு மாதிரி, அத்தை!" நம்பிக் கொடுத்தேன். அந்தக் கோடு ஓடுபாதையில் தொடங்கி ஓடுபாதையில் முடிகிறது. அங்கே குடியிருக்க நாங்கள் என்ன கொக்கா?

கடைத் திறப்பு பத்து மணிக்கு. முதல் விமானத்தில் வந்தால் ஒரு தூக்கம் போட்டுவிட்டுக்கூடக் கடைக்குப் போகலாம் என்று டிக்கெட் போட்டவர் நீங்கள். டாக்ஸிக்காரர் எங்களைச் சரக்கு ஏற்றும் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார், அங்கிருந்த காவலர் "பார்சல் எங்கம்மா?" என்று கேட்க, நான் உங்கள் மாமாவைக் காட்டினேன். சுற்றி ஓடிச் சரியான வாசலுக்குப் போனால், ரிப்பன் வெட்டக் கொண்டுபோன என் தையல் கத்திரிக்கோலைச் சோதனைக்காரி பிடுங்கிக்கொண்டாள். "இத வெச்சு ரெக்கையையா வெட்டப் போறேன்?" என்றேன். அதற்கு என்னைத் தனியாக நிறுத்தி இன்னொரு முறை சோதித்தாள். ஏறி உட்கார்ந்தால் விமானம் நகரவில்லை. நகர்ந்து, பறந்து, உங்கள் ஊர் கண்ணில் பட்டும் இறங்கவில்லை. கீழே இடமில்லையாம், சுற்றுகிறது, சுற்றுகிறது, மாமா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், நான் உங்கள் ஊர்த் தண்ணீர்த்தொட்டியை எல்லாப் பக்கமும் பார்த்து முடித்தேன். இறங்கியதும் போன் செய்தீர்கள்: "லேண்ட் ஆயிட்டீங்களா? அப்ப வந்த மாதிரிதான், அத்தை!" வந்த மாதிரி! பெட்டி வர ஒரு யுகம். அங்கிருந்து கடைக்கு வர, பறந்ததைப் போல இரண்டு மடங்கு.

வந்து பார்த்தால் விருந்தாளிகள் கேக்கைத் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். என் மகள் வெள்ளைக் கோட்டோடு, ரிப்பனுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ வராம தொறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்மா. இவர் காலையிலேருந்து இதோ வந்துட்டாங்க, இதோ வந்துட்டாங்கன்னே சொல்லிட்டு இருக்கார்" என்று அழுதாள். நானும் அழுதேன். பல்வலியோடு காத்திருந்த ஒருவர், "அழுது முடிச்சுட்டு ஒரு மாத்திரை குடுங்கம்மா" என்று ரிப்பனை நெஞ்சால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கடை திறந்தது அப்படித்தான்.

அப்போதும் உங்கள் வாய் சும்மா இருந்ததா? "சுத்துன நேரத்தக் கழிச்சுப் பாத்தா அம்பத்தஞ்சுதான், அத்தை!"

கல்யாணமாகி மூன்று வருடத்தில் என் மகள் பிறந்த வீட்டுக்கு வந்தது இரண்டே தடவை. அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, இனி உங்கள் ஊர்ப் பக்கம் நாங்கள் தலைவைத்துப் படுப்பதாக இல்லை. கடை செழிக்கட்டும், அவள் வேளாவேளைக்குச் சாப்பிடட்டும், உங்களுக்கு ஒரு நல்ல கணக்கு வாத்தியார் கிடைக்கட்டும் என்று மனதார வாழ்த்தும்,

அத்தை.

பி.கு.: இதைப் படித்துவிட்டு மாமா, "அப்ப அவளப் பாக்கவே வேணாமா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். உங்கள் எதிர்வீட்டு மாடியை வாடகைக்குப் பேசி முடித்துவிட்டோம். அடுத்த மாதம் பெட்டி படுக்கையோடு வருகிறோம். தெருவைக் கடக்க எத்தனை நிமிடம் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். தினமும் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.